காத்திருக்காத விதைகள்

குற்றாலநாதர் கோயிலின் தலமரம் பலா. குறும்பலா என்று பெயர். திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், இந்தப் பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். சாரல் பருவத்தில் அருவியில் தலை நனைத்துவிட்டு வருகிறவர்கள் சாலையோரத்தில் பலாச்சுளை வாங்கித் தின்கிறார்கள். கொட்டை தரையில் விழுகிறது. அந்தக் கொட்டையைப் பொறுக்கி, நெல் விதையைப் போல வெயிலில் நன்றாகக் காயவைத்து, டப்பாவில் அடைத்து, அடுத்த ஆண்டு மழைக்கு ஊன்றிப் பாருங்கள். ஒன்றும் முளைக்காது. தின்ற கையோடு ஈர மண்ணில் புதைத்திருந்தால் சில வாரங்களில் முளை காட்டியிருக்கும். பத்திரப்படுத்தியதே அதைக் கொன்றுவிட்டது.

தமிழகம் முழுவதும் இன்று மரம் நடும் காலம். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. ஊராட்சிகள் நடுகின்றன, பள்ளிகள் நடுகின்றன, திருமண வீட்டில் தாம்பூலப் பையோடு கன்று தருகிறார்கள். மனம் நிறைகிறது. ஆனால், எத்தனை கன்று நட்டோம் என்று எண்ணுகிற நாம், அந்தக் கன்று எந்த விதையிலிருந்து வந்தது, அந்த விதை எந்த மரத்தில் காய்த்தது, விதைத்த நாளில் அது எவ்வளவு தெம்போடு இருந்தது என்று கேட்பதில்லை. காட்டு மரங்களின் விதைத் தரத்தைச் சோதிக்கும் பழக்கம் நாற்றங்கால் வரை வர வேண்டும்; அதற்கான நிலையம் தென்காசி, குற்றாலம் போன்ற மலையடிவார ஊர்களில் அமைய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

ஒரே மாவட்டம், இரண்டு இயல்பு

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டம், விதைகளைப் பற்றிப் படிக்கத் தோதான இடம். மேற்கே குற்றாலத்தின் திரிகூட மலை, சிற்றாறு பிறக்கும் மழைக்காடு. கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போனால் கரிசல், காற்றாலை, பனை, வேல். ஒரே பேருந்துப் பயணத்துக்குள் இரண்டு உலகம்.

காய்ந்த நிலத்தின் மரங்கள் தங்கள் விதைக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. வாகை, சரக்கொன்றை, புளி ஆகியவற்றின் விதைகள் கெட்டித் தோலுக்குள் தூங்கும். மழை எப்போது வருமென்று தெரியாத நிலத்தில் அந்தத் தூக்கம்தான் பிழைக்கும் வழி. காயவைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், சேமிப்பிடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதைத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. அது இந்த வகை விதைகளுக்கான கணக்கு.

மழைக்காட்டு மரத்துக்கு அந்தக் கவலை கிடையாது. கனி விழும்போதே தரை நனைந்திருக்கிறது. எனவே பலா, வெள்ளைக் குங்கிலியம் போன்றவற்றின் விதைகளும், மழை நேரத்தில் கனியும் நாவல், இலுப்பை விதைகளும் நீரோடு விழுந்து, உடனே முளைக்கத் தொடங்குகின்றன. உலர்ந்தால் மடிகின்றன. காற்றுப் புகாத பையில் கட்டினால் புழுங்கி அழுகுகின்றன. இரண்டு வாரம், மூன்று வாரம், மிஞ்சினால் ஒன்றிரண்டு மாதம். அதுதான் அவற்றின் ஆயுள். வேப்பம் விதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சதையோடு குவித்து வைத்தால் சில வாரங்களிலேயே கெட்டுவிடும்.

இந்த இரண்டு வகையையும் 1973-ல் தெளிவாகப் பிரித்துப் பெயரிட்டவர் பிரிட்டன் விதை ஆய்வாளர் ஈ.எச். ராபர்ட்ஸ். 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, 886 மர, புதர் இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தது; பசுமைமாறா மழைக்காட்டு இனங்களில் ஏறத்தாழப் பாதி, உலர்வைத் தாங்காத விதை கொண்டவை என்று கண்டது. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-ல் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகம், உலர்ந்த விதைகளை மைனஸ் 18 டிகிரியில் காக்கிறது. நெல்லுக்கும் கம்புக்கும் அங்கே இடம் உண்டு. குறும்பலாவுக்கு இல்லை. அதன் விதையைக் காக்கும் பெட்டகம் மலையில் நிற்கும் மரம் மட்டுமே.

குற்றாலத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி கிராம்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்து வளர்த்த இடம், குற்றாலத்தில் அது அமைத்த வாசனைப் பொருள் தோட்டம். நெல் மூட்டையைப் போலக் காய்ந்த விதையாக அதைக் கப்பலில் ஏற்றியிருக்க முடியாது. கிராம்பு விதையும் உலர்ந்தால் மடிகிற விதைதான். அந்த வரிசையில் இன்று குற்றாலப் பழத்தோட்டத்தின் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் சேர்ந்திருக்கின்றன. செண்பகாதேவி அருவிக்குப் பெயர் தந்த செண்பகத்தின் விதையோ சிவந்த, எண்ணெய்ப் பசையுள்ள சதைக்குள் இருக்கிறது. அந்தச் சதையை உடனே நீக்கி ஈரம் போகாமல் விதைக்காவிட்டால் விரைவில் முளைப்புத்திறன் போய்விடும். செண்பகக் கன்று முளைக்கவில்லை என்று மண்ணையும் மழையையும் குறை சொல்வோர், விதை எத்தனை நாள் சாக்கில் கிடந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உயிர் வேறு, தெம்பு வேறு

விதையைச் சோதிப்பது என்றால் என்ன? முதலில் புறத்தூய்மை: சாக்கில் விதை எவ்வளவு, சருகும் கல்லும் எவ்வளவு. அடுத்து எடை. பிறகு ஈரப்பதம்: விதையை 103 டிகிரி சூட்டடுப்பில் 17 மணி நேரம் வைத்து, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். பிறகு முளைப்புத்திறன்: 400 விதையை நூறு நூறாகப் பிரித்து, ஈரத்தாளிலோ மணலிலோ முளைக்கவிட்டு எண்ணுவார்கள்.

இவற்றோடு நிற்காத இன்னொரு தரம் இருக்கிறது. அதை வீரியம் என்கிறோம். இரண்டு சாக்கு வேப்ப விதை இருக்கிறது. ஆய்வகத்தின் இதமான சூழலில் இரண்டிலும் நூற்றுக்கு 85 முளைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாற்றங்காலுக்குப் போனதும் ஒரு சாக்கில் 80 எழும்பும், மற்றதில் 40கூட எழும்பாது. பின்னதில் விதை உள்ளுக்குள்ளேயே மூப்படையத் தொடங்கியிருக்கிறது. முதலில் அதன் செல் சவ்வுகள் தளர்கின்றன. நீரில் ஊறவைத்தால் உள்ளிருக்கும் உப்புகள் கசிகின்றன. பிறகு முளைப்பது தாமதமாகிறது. பிறகு வேர் கோணலாக, தண்டு நோஞ்சானாக வருகிறது. சாவது கடைசியில்தான். எனவே முளைப்புச் சோதனை மட்டும் செய்தால், விதை படுத்த படுக்கையாகும் வரை அது நலமாக இருப்பதாகவே தெரியும்.

வீரியத்தைப் பார்க்கப் பல வழிகள் உண்டு. விதை ஊறிய நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளக்கலாம். கசிவு மிகுந்தால் மின்கடத்தலும் மிகும். விதையை 40 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலும் நிறைந்த ஈரத்திலும் சில நாள் வாட்டி, பிறகு முளைக்கவிடலாம், தாங்கியது தெம்புள்ளது. முளைப்பு சதவீதத்தை நாற்றின் நீளத்தோடு பெருக்கி வீரியக் குறியீடு காண்பது 1973-லிருந்து வழக்கில் இருக்கும் எளிய முறை.

எல்லாவற்றையும்விட அழகானது டெட்ரசோலியம் சோதனை. 1940-களில் ஜெர்மனியின் கியார்க் லாக்கோன் செம்மைப்படுத்தியது. விதையை அறுத்து நிறமற்ற ஒரு கரைசலில் ஊறவைத்தால், மூச்சுவிடும் திசு சிவக்கும். செத்த திசு வெளுத்தே கிடக்கும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், ஓரிரு நாளில் விடை தெரிந்துவிடும்.

மழைக்காட்டு விதைக்கு இந்த வேகம்தான் முக்கியம். முளைப்புச் சோதனை முடிய மூன்று, நான்கு வாரம் ஆகும். வெள்ளைக் குங்கிலியத்தின் விதைக்கு அவ்வளவு நாள் ஆயுளே கிடையாது. சோதனை முடிவு கையில் கிடைக்கும்போது, சாக்கில் மீதமிருந்த விதை செத்திருக்கும். சூட்டில் வாட்டும் சோதனையும் இதற்குப் பொருந்தாது. ஏற்கெனவே நீர் நிறைந்த விதையை ஈரச்சூட்டில் வாட்டி என்ன தெரிந்துகொள்ள முடியும்? நெல்லுக்கும் கோதுமைக்கும் வகுத்த முறைகளை இந்த மரங்களுக்கு அப்படியே எடுத்துவைக்க முடியாது. 1924-ல் தொடங்கிய சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிகள் பெரும்பாலும் வேளாண் பயிர்களையும் குளிர்நாட்டு மரங்களையும் மனத்தில் கொண்டு வளர்ந்தவை. உலகில் 58,497 மர இனங்கள் இருப்பதாக 2021-ல் கணக்கிட்டார்கள். அவற்றில் வெப்பமண்டல மரங்களுக்கான முறைகளை வெப்பமண்டலத்தில் வாழும் நாம்தான் எழுத வேண்டும்.

முளைப்பாரி தெரிந்த மக்கள்

விதையைச் சோதிப்பது நமக்கு அந்நியமான பழக்கமில்லை. தென்மாவட்டங்களில் அம்மன் கொடை வந்தால் முளைப்பாரி போடுகிறார்கள். விரதமிருந்து, ஓட்டிலோ கூடையிலோ எருவிட்டு, பலவகைத் தானியத்தை இருட்டறையில் முளைக்கவைத்து, எவ்வளவு உயரமாக, எவ்வளவு அடர்த்தியாக வளர்கிறது என்று நாள்தோறும் பார்க்கிறார்கள். முளை செழித்தால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. வழிபாடாக மட்டும் பார்க்காமல் உழவரின் கண்ணால் பார்த்தால், விதைப்புக்கு முன்னால் ஊரே கூடி நடத்தும் வீரியச் சோதனையாகவும் அது தெரிகிறது. நெல்லை உப்புக் கரைசலில் போட்டு, மிதக்கும் பதரை அள்ளி எறிந்துவிட்டு, அமிழ்ந்ததை விதைக்கு எடுக்கும் வழக்கமும் நம் வயல்களில் உண்டு.

ஐரோப்பாவில் இதற்கென முதல் நிலையம் 1869-ல் சாக்சனியின் தாரண்ட் என்ற சிற்றூரில் எழுந்தது. கடையில் விற்ற விதைகளில் கலப்படமும் உயிரற்றவையும் மலிந்திருந்ததைக் கண்டு அதைத் தொடங்கியவர் பிரெடரிக் நோபே. தாரண்ட், புகழ்பெற்ற வனக் கல்விக்கூடம் இருந்த ஊர். உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையம் காட்டைப் படித்தவர்களின் ஊரில்தான் பிறந்தது.

நம் நாட்டில் நடந்ததோ வேறு. 1966-ம் ஆண்டு விதைச் சட்டம் உணவுப் பயிர், எண்ணெய் வித்து, பழம், காய்கறி, பருத்தி, தீவனம், சணல் ஆகியவற்றின் விதையைப் பேசுகிறது. காட்டு மரம் அதன் வரையறைக்குள் வரவில்லை. எனவேதான் சான்று பெற்ற நெல் மூட்டையில் நீல அட்டை தொங்குகிறது: முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையாது, புறத்தூய்மை 98-க்குக் குறையாது, ஈரப்பதம் 13-ஐத் தாண்டாது. நூறு நாளில் அறுவடையாகும் பயிருக்கு இவ்வளவு பாதுகாப்பு. நூறு ஆண்டு நிற்க வேண்டிய வேங்கைக்கு ஒரு சீட்டும் கிடையாது. நெல் பொய்த்தால் உழவருக்கு ஒரு போகம் போகும். வேங்கை நோஞ்சானாக வளர்ந்தால் அது தெரியவே பத்தாண்டு ஆகும்.

நிலம்பூர் சொன்ன பாடம்

விதை தெரியாமல் மரம் நட முடியாது என்பதை அன்றைய சென்னை மாகாணம் ஒருமுறை பட்டறிந்திருக்கிறது. 1840-களில் மலபார் ஆட்சியர் கனோலி, நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முயன்றார். விதை ஏராளமாகக் கிடைத்தது, ஆனால் முளைக்கவில்லை. பல முறைகள் முயன்று தோற்ற பிறகு, சாத்து மேனன் என்பவரின் பொறுப்பில்தான் நாற்றுகள் எழும்பின. உலகம் இன்று கொண்டாடும் நிலம்பூர் தேக்குத் தோட்டம் அந்த நாற்றுகளிலிருந்து வந்தது.

தேக்கின் கொட்டை கெட்டியானது. உள்ளே நான்கு அறைகள். சில கொட்டைகளில் ஒரு விதை, சிலவற்றில் இரண்டு, பலவற்றில் ஒன்றுமே இல்லை. எனவே பத்துப் பதினைந்து நாள் இரவில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்துத்தான் விதைக்கிறார்கள். அப்படியும் முளைப்பு ஒரே சமயத்தில் வராது. விதைக்காமலே தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது: நூறு கொட்டையை உடைத்து, எத்தனையில் பருப்பு வெள்ளையாக, திரண்டு, நிறைந்திருக்கிறது என்று எண்ணுவது. வெட்டிப் பார்க்கும் சோதனை என்பது இதுதான். ஒரு பாக்குவெட்டி போதும்.

இந்தக் கணக்குத் தெரியாமல் நாம் உருட்டும் விதைப்பந்துகளையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் ஆசையோடு மண்ணும் எருவும் குழைத்துச் செய்கிறார்கள். பந்துக்குள் நாவல் விதையை வைத்து நிழலில் காயவைத்தால், பந்து காயும்போதே விதையும் காய்ந்துவிடும். வாகை விதையைக் கொதித்து இறக்கிய நீரில் ஊறவைக்காமல் வைத்தால் அதில் பெரும்பகுதி தூங்கிக்கொண்டே கிடக்கும். பிள்ளைகளின் உழைப்பை மதிக்கிறோம் என்றால், எந்த விதை பந்துக்கு ஏற்றது, எது நேரே மண்ணுக்குப் போக வேண்டியது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

காட்டில் யார் விதையைச் சோதித்தார்கள், இருவாச்சிப் பறவையும் மரநாயும் போட்டுவிட்டுப் போனது முளைக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். முளைத்தது. ஆயிரக்கணக்கில் உதிர்த்து ஒன்று பிழைத்தால் போதும் என்பது காட்டின் கணக்கு. அதற்குக் காலம் கணக்கில்லாமல் இருக்கிறது. ஒரு குழிக்கு ஒரு கன்று, அதற்கு ஒரு தொகை, மூன்றாண்டுப் பராமரிப்பு என்று நடும் நமக்கு அந்த ஊதாரித்தனம் கட்டுப்படியாகாது.

அரிய மரத்தில் கிடைப்பதே இருநூறு விதை, அதில் நானூறை எங்கே சோதிப்பது என்பது நியாயமான கேள்வி. அத்தகைய மரங்களுக்குச் சிறிய மாதிரி போதும். விதையைச் சிதைக்காமல் எக்ஸ்ரே கதிரில் உள்ளே பார்க்கும் முறையும் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு மிகவும் ஆழமானது. வீரியம் வீரியம் என்று முதலில் முளைத்ததை மட்டும் பொறுக்கி நட்டால், காடு ஒரே சாயலுக்குக் குறுகிவிடாதா? குறுகும். மெதுவாக முளைக்கும் விதைக்குள்ளும் வறட்சியைத் தாங்கும் குணம் ஒளிந்திருக்கலாம். எனவே சோதனையின் நோக்கம் பந்தயக் குதிரைகளைத் தேர்வதாக இருக்கக் கூடாது. செத்தவற்றையும், நாம் கெடுத்தவற்றையும் கண்டுபிடிப்பதே அதன் வேலை. விதையையும் ஒரே மரத்தடியில் வாரிக் கட்டக் கூடாது. ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் இருபது, முப்பது தாய்மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்க வேண்டும். சாலையோரத்துத் தனி மரம் கைக்கு எட்டும் என்பதற்காக அதையே ஆண்டுதோறும் உலுக்கினால், உறவுக்குள் உறவாகப் பிறந்த நோஞ்சான் கன்றுகள்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டியவை

ஒன்று, தென்காசி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் ஒரு வன விதை நிலையம். கோவையில் 1988-லிருந்து வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. அறிவு அங்கே நிறைய உண்டு. ஆனால் குற்றாலத்திலிருந்து கோவை 300 கி.மீ.க்கும் மேல். இரண்டு வாரம் வாழும் விதைக்கு அது நெடும்பயணம். ஒரு சூட்டடுப்பு, துல்லியத் தராசு, முளைப்புப் பெட்டி, டெட்ரசோலியம், பயிற்சி பெற்ற இரண்டு பேர். தொடங்க இவ்வளவு போதும். முறைகளைக் கோவையும் மேட்டுப்பாளையமும் வகுத்துத் தரட்டும். குற்றாலத்திலேயே ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. இந்த வட்டாரக் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மர இனத்தை எடுத்துக்கொண்டால், பத்தாண்டில் இந்த மலையின் விதை ஏடு ஒன்று எழுதி முடிந்திருக்கும்.

இரண்டு, ஒவ்வொரு நாற்றுத் தொகுதிக்கும் ஒரு சீட்டு. மரத்தின் பெயர், விதை எடுத்த இடம், எத்தனை தாய்மரம், எடுத்த தேதி, விதைத்த தேதி, முளைத்த சதவீதம். இந்த ஆறு வரி போதும். 1967-லேயே பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு, வன விதைக்கென ஒரு சான்றுத் திட்டம் தொடங்கி, விதையின் தரத்துக்கேற்ப மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று அட்டை தருகிறது. நம் நாற்றங்காலுக்கு நிறம்கூட வேண்டாம். எழுதி ஒட்டிய ஒரு தாள் போதும்.

மூன்று, அரசும் நிறுவனங்களும் கன்று வாங்கும்போது விலையோடு அந்தச் சீட்டையும் கேட்க வேண்டும். நட்ட எண்ணிக்கைக்குப் பதிலாக, மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிக்க வேண்டும். அந்த நாளில் விதைத் தரம் தானாகவே பேசுபொருளாகும்.

நான்கு, விதை பொறுக்குவோருக்கு உரிய கூலியும் மதிப்பும். எந்த மரம் எந்த மாதம் காய்க்கும், எது முற்றியது, எது பூச்சி குடைந்தது என்பதை இந்த மலைத்தொடரின் பளியரும் காணிக்காரரும் பார்த்தவுடன் சொல்வார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று எடைக்குப் பணம் கொடுத்தால் பிஞ்சும் சொத்தையும் சேர்ந்தே வரும். முளைக்கும் விதைக்குப் பணம் என்று மாற்றினால், அவர்களின் கண்ணுக்கு விலை கிடைக்கும்.

இதற்காக யாரும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலோ பள்ளியிலோ விதைப்பவர், விதைக்கும் முன் நூறு விதையை எண்ணி எடுங்கள். இருபத்தைந்தை வெட்டிப் பாருங்கள். மீதியை ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, எந்த நாளில் எத்தனை முளைத்தது என்று நோட்டில் குறியுங்கள். பலா, நாவல், இலுப்பை, செண்பகம் என்றால் அதற்கும் பொறுக்காமல், மீதி விதையை அன்றே மண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சாரல் இறங்கும் ஆனியிலும் ஆடியிலும் குற்றால மலையில் நாவலும் இலுப்பையும் பலாவும் உதிர்கின்றன. அன்றைக்கே ஒவ்வொரு விதைக்குள்ளும் நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறது. கோப்பு நகர்ந்து, நிதி ஒதுக்கி, கன்று நடும் விழாவுக்குத் தேதி குறிக்கும்வரை நாம் காத்திருக்கலாம். குறும்பலாவின் கொட்டை காத்திருக்காது.